மேளத்திடம் யாராவது சொன்னீர்களா?

இபிமினாவுக்கு ஏழு வயதானபோது, ஆற்றிலிருந்து ஏறி வந்த நீர்த்தெய்வத்தின் கால் கட்டைவிரலை அவள் அடையாளம் கண்டுவிட்டாள்.

ஒகுலாமா தீவே அன்றைக்குச் சதுக்கத்தில் திரண்டிருந்தது. தலையில் சுறாமீன் மரமுகமும் உடம்பெல்லாம் துணியும் ஓலையுமாகத் தெய்வம் சுழன்று ஆட, பெண்கள் பாட்டுப் பாடி அதை உசுப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். துணி எல்லாவற்றையும் மூடியிருந்தது, கால்விரல்களைத் தவிர. இடது கட்டைவிரலில் நகம் இல்லை. அந்த ஊரில் இடது கட்டைவிரலில் நகமில்லாத ஆள் ஒருவர்தான் உண்டு.

"அம்மா, தண்ணிக்கடியில இருக்குற சாமிக்கு எப்படிம்மா நம்ம சித்தப்பா காலு வந்துச்சு?"

அம்மாவின் கை பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தியது. வீட்டுக்குப் போனதும் முதுகில் நாலு வைத்தாள். அடித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, "எல்லாருக்கும் தெரிஞ்சதை எதுக்குடி கேக்குற?" என்றாள். இபிமினா அழுகையை நிறுத்திவிட்டு, "எல்லாருக்கும் தெரியும்னா ஏம்மா யாரும் சொல்லல?" என்று கேட்டாள். அதற்கும் ஒன்று விழுந்தது.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். எங்கே? வளர வளரக் கேள்விகளும் கூடவே வளர்ந்தன. அலையாத்திச் சேற்றில் நத்தை பொறுக்கும்போது, நீர் வடியும் நேரம் நத்தைக்கு யார் சொல்வது என்று கேட்டாள். கல்யாணத்துக்குக் கட்டம்போட்ட மதராஸ் துணியை இடுப்பில் சுற்றிவிட்ட பெரியம்மாவிடம், மதராஸ் என்ற ஊரில் கல்யாணப் பெண்கள் எதைச் சுற்றிக்கொள்வார்கள் என்று கேட்டாள். மாப்பிள்ளையிடம் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. அந்த மனிதர் ஆறு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு போர்ட் ஹார்கோர்ட் நகரத்தில் வேலை கிடைத்துப் போனவர், கேள்வி கேட்காத ஒருத்தியை அங்கே பார்த்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்து, கெளுத்திக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, பேச்சு நீளும் முன்பே படகேறிவிடுவார். அவள் அதற்காக அழுது புலம்பியதை யாரும் பார்த்ததில்லை.

ஊர் அவளுக்கு 'கேள்வி' என்று பெயர் வைத்தது. "கேள்வி வர்றா, பேச்சை மாத்து" என்பார்கள் கிணற்றடியில். அவள் காதில் விழும்படியேதான் சொல்வார்கள். "எந்தப் பேச்சை?" என்று கேட்டுக்கொண்டே அவள் வந்து சேர்வாள்.

பிழைப்புக்கு மீன். வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை, அதில் இடுப்பளவு உயரத்தில் நீளமான மூங்கில் பரண், அடியில் அலையாத்தி விறகின் புகை. காலையில் படகுகள் கொண்டுவரும் போங்கா மீனையும் கெளுத்தியையும் சாயங்காலத்துக்குள் பழுப்பேற வாட்டி எடுத்துவிடுவாள். கொட்டகைக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் நடுவே நாலு முழம்கூட இருக்காது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் கரிபி கிழவர், ஊரின் தலைமை மேளக்காரர்.

கரிபிக்கு ஒரு பழக்கம். சும்மா உட்கார முடியாது. சாப்பாட்டுக்குக் காத்திருந்தாலும் விரல்கள் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் மேளம் வெறும் தாளம் போடுவதில்லை, பேசும். பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஆட்களை, இடங்களை, செத்துப்போனவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடும். அந்தப் பேச்சு எக்கினே சங்கத்து ஆண்களுக்கு மட்டும். முகமூடி ஆட்டமெல்லாம் அந்தச் சங்கத்தின் பொறுப்பு. பெண்களுக்குப் புரியக்கூடாது என்று விதி, புரியாது என்று நம்பிக்கை.

முப்பது வருடம் மீன் திருப்பிக்கொண்டே அந்த மேசையைக் கேட்டவளுக்குப் புரியாமல் இருக்குமா? ஆனால் இந்த ஒன்றை மட்டும் இபிமினா யாரிடமும் சொன்னதில்லை. கேட்கத்தான் அவளுக்கு வாய் நிற்காது. சொல்லும் விஷயத்தில் அவள் வாயைத் திறக்க வைக்க முடியாது.

*

ஊர் வளர்ச்சிக் குழுவுக்குச் செயலாளராக அவளைப் போட்டதற்குக் காரணம் மரியாதை என்று அவள் நினைத்துக்கொள்ளவில்லை. குழுத் தலைவர் செகிபோவே அதை வெளிப்படையாகச் சொன்னார்: "எப்படியும் கேட்டுக்கிட்டேதான் இருக்கப்போற. உக்காந்து எழுதிக்கிட்டாவது கேளு." செகிபோ எக்கினே சங்கத்துக்கும் மூத்தவர். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். அவள் நீல அட்டை போட்ட ஒரு நீளமான நோட்டு வாங்கினாள். கூட்டத்தில் யார் தும்மினாலும் அதில் ஏறியது.

அந்த நோட்டில் முதல் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும் சொல் ஆஸ்பத்திரி. அவள் தம்பி டவாரி படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். எந்த எஞ்சினையும் பேச வைப்பான் என்று பெயரெடுத்தவன். அவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, தன் கையால் பூட்டிய எஞ்சினில்தான் பெரிய ஊருக்குக் கிளம்பினான். எஞ்சின் நின்றுபோகவில்லை. தூரம்தான் அதிகம். இரண்டாவது வளைவு தாண்டும்போது தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். படகைத் திருப்பிக்கொண்டு வந்தவன் மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. இபிமினா அந்தக் குழுவில் உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்: "ஆஸ்பத்திரி எப்ப?"

கட்டிக்கொடுக்க ஆள் கிடைத்தது. இடம்தான் கிடைக்கவில்லை. பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் ஏறாத மேடு தீவில் ஒன்றே ஒன்று. அதன்மேல் இகிமாசோ இருந்தார். இந்த ஊரை முதன்முதலில் கூட்டி நிறுத்தியவர் என்று நாங்கள் கும்பிடும் வீரர். சிறிய ஓலைக் குடில், உள்ளே கருத்துப்போன ஒரு மரத்தூண், அவ்வளவுதான். அந்தத் தூணை நகர்த்துவதா என்று எட்டு மாதம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் குறி கேட்டார்கள். ஓர் ஆடும் ஒரு புட்டிச் சாராயமும் கொடுத்தால் இகிமாசோவுக்குச் சம்மதம் என்று வந்தது. தீவின் வடக்கு முனையில், இலவமரத்தடியில் அவருக்குப் புதுக் குடில் கட்டினார்கள்.

தூக்கிக்கொண்டு போன நாளை ஊர் ஒருவிதமாகச் சொல்லும். நோட்டு வேறுவிதமாகச் சொல்லும். ஊர் சொல்வது: ஆறு பேர் செகிபோ தலைமையில் தூணைத் தோளில் ஏற்றி, தரையில் படாமல், முறைப்படி கொண்டுபோய்ப் புதுக் குடிலில் நிறுத்தினார்கள். நோட்டு சொல்வது: பள்ளிக்கூடத் தாழ்வாரத்து பெஞ்சின் மேல் முதல் இளைப்பாறல். குழாயடித் திண்டில் இரண்டாவது. அங்கிருந்து கிளம்பியதும் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. தூண் நனையக்கூடாது, தரையிலும் படக்கூடாது. பக்கத்தில் இருந்த கூரை ஒன்றுதான். ஆறு ஆண்களும் இகிமாசோவைத் தூக்கிக்கொண்டு இபிமினாவின் கொட்டகைக்குள் ஓடிவந்து, மீன் பரணின் மேல் படுக்க வைத்தார்கள்.

இரண்டு மணி நேரம். புகையில் ஆறு பேருக்கும் கண் எரிந்தது. இகிமாசோவுக்கு எப்படி இருந்ததோ தெரியாது. மழை விட்டதும் செகிபோ எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது இங்கயே முடிஞ்சுது. மீன் பரண்ல வச்சோம்னு வெளியில போச்சுன்னா, அக்கம்பக்கத்துத் தீவுக்காரன் எல்லாம் நம்மளப் பாத்துச் சிரிப்பான்." எல்லாரும் தலையாட்டினார்கள். இபிமினாவும் ஆட்டினாள். அன்று மாலையே நோட்டில் எழுதினாள்: 'மணி 2.10. மழை. இகிமாசோ என் பரணில். இறக்கி வைத்த நாற்பது போங்காவும் நனைந்தன. இதற்கு யார் பொறுப்பு?'

ஆஸ்பத்திரி எழுந்தது. வெள்ளைச் சுவர், பச்சைக் கூரை, வாரத்துக்கு ஐந்து நாள் நர்ஸ். முதல் குழந்தை அங்கே பிறந்தபோது டவாரி வாசல்வரை வந்து நின்றுவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனான். இபிமினா பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

*

இரண்டு மழைக்காலம் கழிந்து பெரிய ஆட்டத்தின் முறை வந்தது. பதினாறு பதினேழு வருடத்துக்கு ஒருமுறை வருவது. நீர்யானை முகமூடி அன்றைக்குத்தான் பெட்டியை விட்டு வெளியே வரும். அதைச் சுமப்பவனுக்கு வெறும் ஆட்டம் மட்டும் போதாது. ஆட்டத்தின் நடுவே மேளம் ஊரின் புனித இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவன் கையிலிருக்கும் வெட்டுக்கத்தியால் அந்தந்தத் திசையைத் தப்பாமல் காட்ட வேண்டும். முகம் மூடியிருக்கும், தலை சுற்றும், மேளம் காத்திருக்காது. ஒன்றைத் தப்பாகக் காட்டினாலும் மேளம் நின்றுவிடும். அவ்வளவுதான். ஊர் முன்னால் முகமூடியைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். அவன் ஆயுளுக்கும் வேறெந்த முகமூடியையும் தொட முடியாது. அப்படித் தப்பாகக் காட்டிய ஒருவரின் பேரன் வீட்டைக்கூட இன்றைக்கும் 'வடக்கு தெரியாதவன் வீடு' என்றுதான் சொல்கிறோம். எங்கள் வாய் அப்படி.

சங்கம் டவாரியைத் தேர்ந்தெடுத்தது. மனைவி போனதிலிருந்து குனிந்த தலையோடு நடந்தவன், அந்தச் செய்தி வந்த அன்று நிமிர்ந்து நடந்தான். அதைப் பார்த்ததும் இபிமினா அடுப்பை மூட்டினாள். அவனுக்குப் பிடித்த வாழைக்காயும் கிழங்கும் செம்பனை எண்ணெய் விட்டு இடித்துக்கொடுத்தாள். அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ஆட்டத்துக்கு எட்டு நாள் இருந்தது. இபிமினா மீன் திருப்பிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் கரிபியின் விரல்கள் பெரிய ஆட்டத்தின் வரிசையைத் தட்டிப் பார்த்தன. முதல் படகு கட்டிய கரை. இரட்டை ஓடை முகம். ராஜாக்களைப் புதைத்த மேடு. ஒவ்வொரு பெயருக்கும் அவள் கண் தானாக அந்தந்தத் திசைக்குப் போய் வந்தது. நாலாவதாக வந்தது இகிமாசோ.

அவள் கண் தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போனது. பாதியில் நின்று வடக்கே இலவமரத்துக்குத் திரும்பியது. மறுபடி தெற்கே.

கையிலிருந்த மீன் கனலில் விழுந்தது.

தூணிடம் அனுமதி கேட்டார்கள். பூமியிடம் கேட்டார்கள். ஆட்டையும் சாராயத்தையும் கொடுத்தார்கள். சுகாதாரத் துறைக்கு மூன்று பிரதிகள் போட்டு எழுதினார்கள், அவளேதான் எழுதினாள். மேளத்திடம் யாராவது சொன்னார்களா? இகிமாசோ வீடு மாறியதை மேளத்துக்குச் சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேளம் கூப்பிட்டால் டவாரி எந்தப் பக்கம் கையை நீட்டுவான்?

*

செகிபோ வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"தலைவரே, குழு விஷயமா ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"ஊர் வரைபடம் ஒண்ணு வரையணும்னு இருக்கேன். ஆஸ்பத்திரிச் சுவர்ல மாட்ட. அதுல இகிமாசோவை எங்க போடுறது?"

"எலவமரத்தடியில போடு. இதுல என்ன சந்தேகம்?"

"அப்ப மேட்டுல அவர் இல்ல?"

"அதெப்படி இல்லாம போவாரு? ஊரை ஆரம்பிச்ச எடமாச்சே அது!" சொல்லிவிட்டுப் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "மேட்டுலயும் இருக்காரு. ஆனா இல்ல. மரத்தடியில… ஏய், எதுக்குடி இதெல்லாம் உனக்கு?"

"பெரிய ஆட்டம் வருதே தலைவரே."

அவர் முகம் மெல்ல மாறியது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்கிற ஆளா அவர்? "அது ஆம்பளைங்க சமாச்சாரம். மேளத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது தலைவரே."

"அப்ப போய் மீனைப் பாரு."

அவள் படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் தாழ்ந்து வந்தது. "மேட்டைக் காட்டினான்னா சங்கத்துல நாலு பேரு, சாமி எடத்துல ஆஸ்பத்திரி இருக்கு, இடின்னு கெளம்புவாங்க. மரத்தைக் காட்டினான்னா, மேளத்துக்கு அந்த எடமே தெரியாது. நின்னுடும். நான் உன்கிட்ட எதுவும் சொல்லல, போ."

டவாரி ஓர் எஞ்சினைக் குடல்வேறு ஈரல்வேறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சொல்லி முடித்ததும் கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தான்.

"அக்கா, மேளம் அந்தப் பேரைக் கூப்பிடும்னு உனக்கெப்படித் தெரியும்?"

"ஊர்ல பெரிய சாமி. கூப்பிடாமயா விடும்?"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். அதற்கு மேல் தோண்டவில்லை. "கரிபி தாத்தாகிட்டயும் கேக்க முடியாது. ஆட்டம் முடியிறவரைக்கும் ஆடுறவனும் மேளக்காரரும் ஒரு வார்த்தை பேசிக்கக்கூடாது. எதுக்க வந்தாக்கூட வழியை மாத்திக்கணும்." கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "நான் விலகிக்கவா அக்கா?"

"விலகினா?"

"பயந்து ஓடினவன்னு சொல்வாங்க. தப்பா காட்டினவன்ங்கறதுக்கு அது தேவலை."

நிமிர்ந்த தலை மறுபடி குனிவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இத்தனைக்கும் காரணம் யார்? ஆஸ்பத்திரி எப்ப, ஆஸ்பத்திரி எப்ப என்று நாலு வருடம் நச்சரித்தவள் அவள்தானே. "நீ எஞ்சினைப் பூட்டு. நான் கேட்டுட்டு வர்றேன்" என்றாள்.

"யார்கிட்ட?"

அவள் அதற்குள் பாதி வழி போயிருந்தாள்.

*

நன்றாகப் பழுப்பேறிய நாலு கெளுத்தியை இலையில் சுற்றிக்கொண்டு கரிபி வீட்டு வாசல் வழியாகவே போனாள். ஜன்னல் வழியே நீட்டினால் போதும், ஆனால் இது மரியாதையான காரியம்.

"மாமா, நான் மேளத்தைப் பத்தி எதுவும் கேக்க வரல."

"தெரியுமே" என்றார் கிழவர். மீனை மோந்து பார்த்தார்.

"சும்மா ஒரு சந்தேகம். ஒருத்தர் வீடு மாத்திப் போயிட்டாரு. அவரைத் தேடி வந்தவன் பழைய வாசல்ல நின்னு கூப்பிடணுமா, புது வாசல்லயா?"

மேசையில் ஓடிக்கொண்டிருந்த கரிபியின் விரல்கள் நின்றன. "வாசலை யாரும்மா கூப்பிடுறது? ஆளைத்தானே கூப்பிடுறோம்."

"ஆளு எங்கன்னு கேட்டா?"

"ஆளு பறந்தா போனாரு?" ஒரு மீனின் வாலை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். "போனாருன்னா ஏதோ ஒரு வழியாத்தான் போயிருப்பாரு. பேரு எனக்குத் தெரியும். வழி எனக்குத் தெரியாது. எனக்குக் கால்வலி, அன்னைக்கு நான் கூடப் போகல." மென்று முடித்தார். "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. நீ மீன் கொண்டு வந்தே, நான் வாங்கிக்கிட்டேன். வேற ஒண்ணும் நாம பேசல."

அவள் வீட்டுக்கு ஓடிவந்து நீல நோட்டைப் பிரித்தாள்.

டவாரி அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தான். மூன்றாவது முறை படிக்கும்போது அவன் உதடு துடித்தது, சிரிப்பா பயமா என்று தெரியவில்லை. "பரண்லயா? இகிமாசோவை மீன் பரண்லயா வச்சாங்க?"

"ரெண்டு மணி நேரம்."

"செகிபோ பெரியப்பா கூடவா?"

"அவரு தும்மிக்கிட்டே இருந்தாரு. அதையும் எழுதியிருக்கேன் பாரு."

"இதை நான் ஊர் முன்னால காட்டினா என்னை வெட்டிப் போட்டுடுவாங்க அக்கா."

"பரணை விட்டுட்டுக் காட்டேன்."

அவன் நோட்டை மூடினான். எஞ்சின்காரன் முகம் வந்துவிட்டது அவனுக்கு. "ஒரு திருகாணியை விட்டுட்டுப் பூட்டினா எஞ்சின் ஓடுமா?" என்றான். அதற்கு மேல் என்ன செய்யப்போகிறான் என்று சொல்லவில்லை.

*

ஆட்டத்தன்று மூன்று தீவுக்காரர்கள் படகு படகாக வந்து இறங்கினார்கள். சிறு பீரங்கி வெடித்தது. தலைவர்கள் மணிமாலையும் தொப்பியுமாக முன்வரிசையில் அமர்ந்தார்கள், நடுவில் செகிபோ. பெண்கள் பக்கத்தில் இபிமினா, இருப்பதிலேயே நல்ல கட்டம்போட்ட துணியில்.

நீர்யானை வந்தது. வானத்தைப் பார்த்த மரமுகம், பல் நீட்டிய வாய், காலில் கட்டிய கொட்டைகளின் சலசலப்பு. இபிமினா தன்னையறியாமல் கால்விரலைத்தான் பார்த்தாள். வலது சுண்டுவிரல் வளைந்திருந்தது, ஒரு தடவை எஞ்சின் விழுந்த இடம். பெண்கள் பாட, அவளும் பாடினாள்.

மேளம் பாட்டை விட்டுப் பேச ஆரம்பித்தது. சதுக்கம் அடங்கியது.

முதல் படகு கட்டிய கரை. கத்தி கிழக்கே நீண்டது. மேளம் சரி என்று உருண்டது. இரட்டை ஓடை முகம். கத்தி. சரி. ராஜாக்களின் மேடு. கத்தி சுழன்று தோளுக்குப் பின்னால் நீண்டது, கூட்டம் ஆர்ப்பரித்தது.

பிறகு இகிமாசோ.

நீர்யானை நின்றது. கொட்டைகளின் சத்தமும் நின்றது. முன்வரிசையில் செகிபோ முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கத்தி மெதுவாக உயர்ந்து தெற்கே ஆஸ்பத்திரி மேட்டைக் காட்டியது. கூட்டத்தில் ஒரு முனகல். சங்கத்து ஆள் ஒருவர் எழுந்தேவிட்டார். மேளத்தின் கோல் அந்தரத்தில் நின்றது, விழவில்லை. ஆனால் கத்தி இறங்கவும் இல்லை. அது நகர ஆரம்பித்தது. தோளில் கனமான ஒன்றைச் சுமப்பவன்போல டவாரி முழங்காலை மடித்து நடந்தான், கத்தியும் கூடவே ஊர்ந்தது. பள்ளிக்கூடத் தாழ்வாரம் இருந்த திசையில் நின்றது, மூச்சு வாங்கியது. மறுபடி நகர்ந்தது. குழாயடியில் நின்றது. இப்போது கூட்டத்துக்குப் புரியத் தொடங்கியது. அன்றைக்குத் தூணின் பின்னால் நடந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து கத்தி திடீரென்று ஓட்டமாக ஓடியது, மழைக்குத் தலை குனிந்தவன்போல. இபிமினாவின் புகைக் கொட்டகை இருந்த பக்கம் போய் நட்டுக்குத்தாக நின்றது. நின்றது நின்றதுதான். டவாரி இடது கையால் நீர்யானையின் மூக்கைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க ஒரு தும்மல் போட்டான்.

தூக்கிச் சென்ற ஆறு பேரில் ஐந்து பேர் தரையைப் பார்த்தார்கள். செகிபோவின் முகம் செம்பனைப் பழமாகச் சிவந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கத்தி நிதானமாகக் கிளம்பி, வடக்கே போய், இலவமரத்தின் உச்சியைக் காட்டி அசையாமல் நின்றது.

கரிபியின் கோல் இன்னும் அந்தரத்திலேயே இருந்தது. வழி அவருக்குத் தெரியாது. வழி நடந்தவர்கள் சொல்ல வேண்டும். கிழவர் தலையை மெல்லத் திருப்பி செகிபோவைப் பார்த்தார். சதுக்கமே செகிபோவைப் பார்த்தது.

ஆம் என்றால் பக்கத்துத் தீவுக்காரர்கள் முன்னால் மானம் போகும். இல்லை என்றால் டவாரி போவான். அந்தப் பெரிய தொப்பை ஏறி இறங்கியது. மனிதர் எழுந்தார், தொப்பியைக் கழற்றினார்.

"மழை பெஞ்சுது" என்றார், அந்தப் பெரிய குரலில். "அவரை நனைய விடல. அந்தப் புள்ள சொன்னது சரி. தும்முனது நான்தான்."

கோல் விழுந்தது. மேளம் சரி என்று உருண்ட உருளலில் அலையாத்திக் காட்டுக் கொக்கெல்லாம் எழும்பின. பீரங்கி வெடித்தது, பக்கத்துத் தீவுக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். இபிமினா தரையில் உட்கார்ந்து, கட்டம்போட்ட துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள். பக்கத்திலிருந்தவள், "எதுக்குக்கா அழுவுற? அந்தக் கத்தி உன் வீட்டுப் பக்கம் என்னத்தைக் காட்டுச்சு?" என்று கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்?" என்றாள் இபிமினா. "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்."

*

ஆஸ்பத்திரியை இடி என்று யாரும் கிளம்பவில்லை. இகிமாசோ கிளம்பிப் போனதை ஊரே கண்ணால் பார்த்துவிட்டதே. செகிபோ ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் கொட்டகைப் பக்கம் வந்து, பரணை ஒரு சுற்றுப் பார்த்து, "கூரையில ஓட்டை இருக்கு. குழுவுல சொல்லி மாத்தித் தர்றேன்" என்றார். டவாரி இப்போது ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறான், வாசலோடு நிற்பதில்லை.

மழைக்காலத்துக்கு முந்திய ஒரு முற்பகல். இபிமினா மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் விரல்கள் பெரிய ஆட்டத்தின் வரிசையைத் தட்ட ஆரம்பித்தன. அவளுக்கு ஆச்சரியம். அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் பதினாறு வருடம் கிடக்கிறது. கிழவருக்கு இப்போதே எழுபத்தெட்டு. யாருக்காக இந்த ஒத்திகை?

முதல் படகு கட்டிய கரை. இரட்டை ஓடை முகம். ராஜாக்களின் மேடு. இகிமாசோ. அடுத்து எப்போதும் வருவது பழைய சந்தைத் துறை. அது வரவில்லை. அவள் இதுவரை கேட்டிராத ஒரு பெயர் வந்தது. விரல்கள் அதை மெதுவாக, ஒவ்வொன்றாகத் தட்டின: இகிமாசோ நனையாமல் இருந்த இடம்.

அவள் நிமிர்ந்தாள். கரிபி ஜன்னல் வழியாக நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக மேசையை ஏன் இந்த ஜன்னலோரத்திலேயே போட்டு வைத்திருக்கிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனையோ கேட்டாளே, இதை எப்படி விட்டாள்?

கிழவர் விரலை மறுபடி மேசையில் வைத்தார். முதல் படகு கட்டிய கரை என்று தட்டிவிட்டு நிறுத்தினார். காத்திருந்தார்.

இபிமினா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. கையிலிருந்த மீன் திருப்பும் குச்சியைத் தூக்கிக் கிழக்கே காட்டினாள். விரல்கள் சரி என்று உருண்டன. இரட்டை ஓடை முகம். காட்டினாள். ராஜாக்களின் மேடு, திரும்பிப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் காட்டினாள். இகிமாசோ. குச்சி ஆஸ்பத்திரியில் தொடங்கி, பள்ளிக்கூடம், குழாயடி என்று நடந்து, கொட்டகையில் நின்று, இலவமரத்தில் முடிந்தது.

கடைசியாக அந்தப் புதுப் பெயர். அவள் குச்சியைப் பரணின் மேல் வைத்தாள். மேசை சரி என்றது.

அன்றைக்கு ஒரு பக்கத்து மீன் முழுக்கக் கருகிப்போயிற்று. ஏன் என்று கேட்டவர்களிடம், "கனல் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள்.